மட்டக்குறியும் ஒரு கல்வெட்டே

நீண்ட பதிவு. வரலாறு, தொல்லியல், புவியியல், கட்டடப் பொறியியல் ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன்னர்க் களப்பணியின் பொருட்டு நடு இந்தியாவின் சிற்றூர் ஒன்றில் சில நாள்கள் தங்கியிருந்தேன். பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அங்கே ஒரு சராய் உண்டு. வணிகரும் யாத்திரிகரும் தங்கிச் சென்ற சத்திரம். அதன் வாயிலில், கீழ்ப்படியின் வலப்புற ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது. சதுரத்துக்கு மேலே ஜி.டி.எஸ். என்றும் கீழே பி.எம். என்றும் ஆங்கில எழுத்துகள். நான் குனிந்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்த காவல்கார முதியவர், "அது சர்க்கார் முத்திரை, பேட்டா. அதற்கு அடியில் வெள்ளைக்காரன் பொன் புதைத்து வைத்திருக்கிறான் என்று ஊரில் சொல்லுவார்கள். தோண்டிப் பார்க்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை" என்றார். திரும்பி வந்து நூலகத்தில் பழைய மட்ட அளவைக் கையேட்டைப் புரட்டினேன். அக்குறி அதில் இருந்தது. எந்த ஊர், எந்தக் கட்டடம், எந்தப் படி, கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்பதெல்லாம் மூன்று தசம இலக்கம் வரை குறிக்கப்பட்டிருந்தன.

சென்ற குளிர்காலத்தில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். சராயில் புதுப்பிப்புப் பணி முடிந்திருந்தது. படிகள் எந்திரத்தால் இழைக்கப்பட்டு வழவழவென்று இருந்தன, சதுரத்தைக் காணவில்லை. பணியை மேற்பார்த்தவரிடம் கேட்டேன். "வாயில் மேலிருக்கும் பாரசீகக் கல்வெட்டைத் தொடவே இல்லை, பாருங்கள்; கண்ணாடிகூடப் போட்டிருக்கிறோம். படியில் இருந்தது ஏதோ சர்வேக்காரர்களின் கிறுக்கல்தானே?" என்றார். அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. கல்வெட்டு என்றால் எது என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாம். நம்முடைய பாடத்திட்டங்களிலும் ஆவணப் படிவங்களிலும் அந்தச் சதுரத்துக்கு இடமில்லாதபோது, அவருடைய மனத்தில் மட்டும் இடம் எப்படி இருக்கும்?

பொறியாளர்கள் பெஞ்ச் மார்க் என்று வழங்கும் இதனைத் தமிழில் மட்டக்குறி எனலாம். கணினித் துறையிலும் வணிகத்திலும் இன்று நாள்தோறும் புழங்கும் 'பெஞ்ச்மார்க்' என்ற சொல் கல்லில் வெட்டிய இத்தகைய குறியிலிருந்தே வந்தது. மட்டக்குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'இந்தக் கல்லின் இந்தப் புள்ளி கடலின் சராசரி மட்டத்துக்கு இவ்வளவு உயரத்தில் உள்ளது.'

இந்திய நில அளவையின் வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது முக்கோண அளவை. 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோட்டை அளந்தது, 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றுகையில் கயிறு அறுந்து தியோடலைட் சிதைந்தது, எவரெஸ்ட் வடக்கு நோக்கி நடத்திச் சென்ற நெடுவில், கொல்கத்தாவின் பாரக்பூர் பெருஞ்சாலையோரம் 1831-இல் எழுந்த இரு கோபுரங்கள் ஆகியவையெல்லாம் அந்தக் கதையின் பகுதிகள். ஆனால் முக்கோண அளவை முதன்மையாக ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது. தொலைவிலிருந்து கோணம் பார்த்து உயரத்தைக் கணிக்கையில் காற்றினூடே ஒளி வளைவதால் பிழை நேரும். மலைச் சிகரத்துக்கு அந்தப் பிழை பொறுக்கத்தக்கது. கால்வாய்க்கும் இருப்புப்பாதைக்கும் பொறுக்கத்தக்கதன்று.

எனவே 1858-இல் வேறொரு பெரும்பணி தொடங்கியது. மட்டக்கருவியை நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் அளவுகோல்களை நாட்டி, சிறு சிறு தாவல்களாக உயரத்தைச் சாலை வழியே கடத்திச் செல்லும் நுண்மட்ட அளவை அது. ஒரே கோட்டில் இரண்டு அளவையாளர்கள், ஒருவர் பின் ஒருவராக, தத்தம் கருவியோடு தனித்தனியே அளந்து, இருவர் கணக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்வார்கள். கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது துறைகளில் ஓத அளவிகளைக் கொண்டு கடலின் சராசரி மட்டத்தைக் கண்டு, அதனைச் சுழியாக வைத்து, 1909-இல் அந்த வலையமைப்பு முழுவதும் சரிக்கட்டப்பட்டது. அரை நூற்றாண்டு உழைப்பு. கோல் பிடித்தவர்கள், சுமை தூக்கியவர்கள், கல்லில் உளி வைத்தவர்கள் எல்லாரும் இந்நாட்டுக் கலாசிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்கள் கையால் எஞ்சியிருப்பது அந்தச் சதுரங்கள்தாம்.

அவர்கள் பழைய கட்டடங்களைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. புதிதாக எழும்பிய கட்டடம் தன் எடையால் சில காலம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். இருநூறு, முந்நூறு ஆண்டு நின்ற கட்டடம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கி அமைந்திருக்கும். அதன் அதிட்டானக் கல்லோ வாயிற்படியோ எளிதில் அசையாது. ஊரார் பெயர்த்தெடுத்துச் செல்லவும் மாட்டார்கள். கோயில், மசூதி, தேவாலயம், கோட்டை வாயில், கிணற்றுச் சுவர், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று அளவைக் கோடு சென்ற வழியெல்லாம் இத்தகைய கற்களையே தேர்ந்தார்கள். வழிபாட்டிடத்தின் கல்லில் அயலான் உளி வைத்தது முறையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தக் குறிகளில் புகழ்பெற்றது நாக்பூரின் சுழிமைல் கல். நான்கு குதிரைகளோடு நிற்கும் கம்பத்தைப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. 'இந்தியாவின் மையம்' என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே இருப்பது 1907-ஆம் ஆண்டின் நிலையான மட்டக்குறி. அதன் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 1020.171 அடி. கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். ஓர் அடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறியது. மையம் என்ற பெருமைக்குக் கூட்டம் கூடுகிறது. இந்த எண்ணைப் பார்க்க ஒருவரும் குனிவதில்லை.

மும்பையில் நகராட்சிப் பொறியாளர்கள் மழைநீர் வடிகாலின் மட்டங்களை இன்றும் 'டவுன் ஹால் மட்டம்' என்ற அடிமட்டத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள். 1833-இல் கட்டி முடிக்கப்பட்டு இப்போது ஆசியக் கழகத்தின் நூலகம் இயங்கும் அதே டவுன் ஹாலின் பெயர்தான் அது. கொல்கத்தாவில் ஊக்ளி ஆற்றின் நீர்மட்டம் கிடர்பூர்ப் பழைய கப்பல்துறையின் வாயிற்கட்டையைச் சுழியாகக் கொண்டது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, எந்த வடிகால் கடல் ஏற்றத்துக்குக் கீழே வாய்திறந்து நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் அந்தப் பழைய மட்டத்தின் எண்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. பழம்பொருள் என்று நாம் ஒதுக்குவது, மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இனி, அறிவியலுக்கு வருவோம். 1905 ஏப்ரல் 4 அன்று காங்கடா நிலநடுக்கம். அதற்கு முன் அளந்திருந்த கோட்டை டேராடூன் வட்டாரத்தில் மறுபடி அளந்தபோது, டேராடூன் சில அங்குலம் உயர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியது. நூறாண்டு கழித்து அந்த அளவீடுகளைத் துருவிப் பார்த்த நிலநடுக்கவியலாளர்கள், உயர்ந்தது நிலமா, அளவைப் பிழையா என்று ஐயம் எழுப்பினார்கள். முடிவு எதுவாயினும், அப்படியொரு விவாதம் நடப்பதற்கே குறியும் பதிவும் இரண்டும் எஞ்சியிருக்க வேண்டும். 1994-இல் தென்னிந்தியாவின் பழைய முக்கோண அளவைப் புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடித்து ஜி.பி.எஸ். கொண்டு மீண்டும் அளந்தார்கள். நூற்று முப்பது ஆண்டு இடைவெளியில் தீபகற்பத்தின் உள்நிலம் எவ்வளவு சிறிதே நெளிந்திருக்கிறது என்பது அதனால் தெரிய வந்தது. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு கச்சிலும் அவ்வாறே பழைய அளவைத் தூண்கள் பயன்பட்டன. வைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணி வைக்கவில்லை. எண்ணாத கேள்விக்கும் விடை தரும் ஆற்றல் நல்ல ஆவணத்துக்கு உண்டு. கல்வெட்டியலில் இருக்கும் நண்பர்கள் இதை நன்கறிவார்கள்.

இன்றைய கேள்வி நிலம் தாழ்வது பற்றியது. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தில்லியின் கபசேரா போன்ற பகுதிகள் தாழ்ந்து வருவதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியிருக்கிறது. ஆனால் அந்த ரேடாரின் நினைவு 1990-களுக்கு அப்பால் போகாது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகுவதற்கு முன் நிலம் எங்கே நின்றது என்பதைச் சொல்ல நம்மிடம் உள்ள சாட்சி பழைய மட்டக்குறி ஒன்றே. கடற்கரையிலும் இதே நிலைதான். மும்பை அப்பல்லோ பந்தரின் ஓதப் பதிவு 1878-இல் தொடங்குகிறது. கடல் எவ்வளவு உயர்ந்தது என்று அந்த நீண்ட பதிவைக் கொண்டு கணக்கிடும்போது, அளவி நின்ற கரையே தாழவில்லை என்று உறுதி சொல்ல வேண்டியவை அருகிலுள்ள மட்டக்குறிகள். அவை அழிந்தால், ஏறியது கடலா, இறங்கியது நிலமா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

இதனால்தான் மட்டக்குறியை இழப்பது ஏனைய தொல்பொருள்களை இழப்பதினின்றும் வேறானது. சிலையை இடம்பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால் அதன் சூழல் போய்விடும். ஆயினும் சிலை எஞ்சும். நடுகல்லைப் பெயர்த்தாலும் அதிலுள்ள எழுத்தைப் படிக்கலாம். மட்டக்குறியைப் பெயர்த்தால் எஞ்சுவது வெறுங்கல். அதன் பொருள் முழுவதும் அது இருந்த இடத்தில், அதுவும் மில்லிமீட்டர்க் கணக்கில், அடங்கியிருக்கிறது. சராயின் படியை எந்திரம் இழைத்தபோது சில மில்லிமீட்டர்க் கல்தான் தூளாகியிருக்கும். கையேட்டின் மூன்றாம் தசம இலக்கத்தை அழிக்க அதற்குப் பத்தில் ஒரு பங்கே போதும். கையேட்டில் அந்த எண் இன்னும் இருக்கிறது. ஆனால் அது எதன் உயரம் என்று கேட்டால் இப்போது விடையில்லை.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, 'ஜி.பி.எஸ். வந்த பிறகு இவை எதற்கு?' என்பது. செயற்கைக்கோள் தருவது புவியைப் போர்த்த ஒரு கற்பனை நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அது நேரே சொல்லாது. புவியீர்ப்பைத் தழுவிய கடல்மட்டப் பரப்புக்கும் அந்தக் கோளத்துக்கும் இடையே இந்தியாவுக்குத் தெற்கேயுள்ள கடலில் ஏறத்தாழ 100 மீட்டர் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டை ஊர்தோறும் சரிபார்க்க மட்டக்குறிகள் இன்றும் வேண்டும். அதைவிட முதன்மையானது இன்னொன்று: நாளையும் மறுநாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கலாம், 1870-ஆம் ஆண்டை இனி எந்தக் கருவி கொண்டும் அளக்க முடியாது.

இரண்டாவது, 'பழைய அளவீடுகளிலேயே பிழை உண்டே' என்பது. உண்டு. ஒன்பது துறைகளிலும் கடல் ஒரே மட்டத்தில் நிற்கிறது என்று 1909-இல் கொண்டதே ஒரு பிழை. கடல் அப்படி நிற்பதில்லை. ஆயினும் அவர்கள் இரட்டையாக அளந்து, வேறுபாடுகளை மறைக்காமல் அச்சிட்டு வைத்தார்கள். அளவு தெரிந்த பிழையைக் கழித்துக்கொள்ளலாம். அழிந்த குறியிலிருந்து கழிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவதே கனமானது. 'இவை பேரரசின் முத்திரைகள். நம் கோயிற்கல்லிலும் மசூதிப் படியிலும் நம்மைக் கேளாமல் பொறித்தவை. இவற்றை நாம் ஏன் காக்க வேண்டும்?' இக்கேள்வியைக் கேட்கும் நண்பர்களை நான் மதிக்கிறேன். அளவை என்பது ஆட்சியின் கருவியாக இருந்தது. வரிக்கும் படைக்கும் இருப்புப்பாதைக்கும் அது பணிபுரிந்தது. அதை மறைத்து 'அறிவியலின் வெற்றி' என்று மட்டும் பாடினால் வரலாறு பொய்யாகும். ஆனால் வென்றவர்கள் பொறித்தார்கள் என்பதற்காக நாம் எந்தக் கல்வெட்டையும் இழைத்துவிடுவதில்லை. படையெடுத்து வந்த அரசன் தோற்றவன் ஊர்க் கோயிலில் வெட்டிய கல்வெட்டையும் மைப்படி எடுக்கிறோம், படிக்கிறோம், கேள்வி கேட்கிறோம். ஒரே அதிட்டானத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டு நிலக்கொடையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டக்குறியும் இருந்தால், இரண்டும் நிலத்தை ஆண்டவர்கள் கல்லிடம் ஒப்படைத்த செய்திகளே. முந்தையதற்கு மைப்படி, பிந்தையதற்குச் சிமெண்டு என்பது வரலாற்று நீதியாகாது. பேரரசைப் பற்றிய சான்றை அழித்தால், அதைக் குற்றஞ்சாட்டும் வாய்ப்பையும் சேர்த்தே அழிக்கிறோம்.

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. பொது அதிகாரி நாட்டிய நிலக்குறியை அழிப்பதையோ நகர்த்துவதையோ இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவு ஓராண்டுச் சிறைக்குரிய குற்றமாகக் கொண்டிருந்தது. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் நினைவுச்சின்னச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழைமையும் வரலாற்றுச் சிறப்பும் உடைய கல்வெட்டையும் நினைவுச்சின்னம் என்ற வரையறைக்குள் வைக்கிறது. 1909-க்கு முந்தைய குறிகள் எல்லாம் நூறாண்டைக் கடந்துவிட்டன. குறை சட்டத்தில் இல்லை. குறியின் உயரம் அளவைத் துறையின் ஏட்டில் இருக்கிறது. குறி பொறித்த கல் தொல்லியல் துறையின் காவலிலோ அறநிலையத்தின் காவலிலோ இருக்கிறது. ஒருவர் ஏட்டை மற்றவர் பார்ப்பதில்லை.

எனவே நான் வேண்டுவன பெரியவை அல்ல. பழங்கட்டடங்களைப் புதுப்பிக்குமுன் தயாரிக்கும் ஆவணத்தில் 'மட்டக்குறி உண்டா?' என்று ஒரு வரி சேர்க்கட்டும். உண்டு என்றால் படமும் மைப்படியும் எடுத்து, தொடாமல் விடட்டும். தொட்டே தீர வேண்டிய நிலை வந்தால், வேலை தொடங்குமுன் அளவைத் துறைக்குச் சொல்லி, அருகே புதிய குறி ஒன்றை அமைத்து, பழையதன் உயரத்தை அதற்குக் கடத்திய பிறகு உளி எடுக்கட்டும். ஒரு நாள் வேலை. அடுத்து, பழைய மட்ட அளவைக் கையேடுகளைப் படியெடுத்து அனைவரும் காணும்படி வெளியிடட்டும். புவியியல் தரவுகளைத் திறந்துவிடுவதாக 2021-இல் வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. நூறாண்டுக்கு முன் அச்சான நூலைப் பூட்டி வைக்க இனிக் காரணமில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கல்லூரி இருக்கும் பழைய ஊரில் ஒரு நாள் குனிந்தபடி நடந்து பாருங்கள். தேவாலயப் படி, பழைய பாலம், இருப்புப்பாதை நிலையம், சத்திரத் திண்ணை, கிணற்றுக் கட்டு ஆகியவற்றின் தட்டையான மேற்பரப்புகளைப் பாருங்கள். குறி தென்பட்டால் பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றை அருகே வைத்துப் படமெடுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள்; எண்ணெய் பூசாதீர்கள்; எழுத்துத் தெளியட்டும் என்று ஆணியால் கீறாதீர்கள். சரியான இடத்தைப் பொதுவெளியில் போடுவதற்கு முன் யோசியுங்கள். அடியில் பொன் இருக்கிறது என்ற கதை அந்தச் சராயோடு நிற்பதில்லை. வரலாற்றுத் துறையும் கட்டடப் பொறியியல் துறையும் ஒரே வளாகத்தில் முகம் பாராமல் வாழ்கின்றன. இருவரும் சேர்ந்து செய்யத்தக்க நல்ல முதுகலை ஆய்வேடு ஒன்று உங்கள் ஊர் வாயிற்படியிலேயே கிடக்கலாம்.

அந்தச் சராயின் பழைய படமும் என் குறிப்பேட்டு அளவுகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு குறி எங்கே இருந்தது என்று காட்ட முடியும். அது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று இனி எவராலும் சரிபார்க்க முடியாது. உங்கள் பகுதியில் புதுப்பிப்புப் பணி நடக்கும் பழங்கட்டடம் ஏதேனும் இருந்தால், எந்திரம் வருவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மாற்றுக் கருத்துடையோரும் எழுதுங்கள், விவாதிப்போம்.